இணைப்பைக் காண்க

லூர்துமேரிக்கும் ரூபாவதிக்கும் பேச்சு நின்றுபோனது ஒரு பாட்டினால்.

லூர்துவின் மகள் மெர்லின், மாதா கோயில் திருவிழாவில் பாடி முதல் பரிசு வாங்கியிருந்தாள். லூர்து அதை முழுசாகப் படம் பிடித்து, மலையே பார்க்கட்டும் என்று, எல்லா ஊர்ப் பெட்டிகளுக்கும் கடிதம் போகிற மலைமடலுக்கு அனுப்பினாள். மடலைப் பார்த்துக்கொள்கிற ரூபாவதி அதை நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு லூர்து குருவிமேட்டிலிருந்து ஜீப் பிடித்து மேலாற்றுக்கு வந்தாள். நேராக ரூபாவதியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்க்கா, என் பிள்ளை பாடினது உங்களுக்கு அவ்வளவு பாரமாப் போச்சா?"

"உள்ள வா லூர்து. முதல்ல டீ குடி."

"டீ குடிக்க வரல. பதில் சொல்லுங்க."

ரூபாவதி அவளைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். தோட்டத்தின் ஒரே லைன் வரிசையில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் இருவரும். லூர்து நடை பழகியதே ரூபாவதியின் விரலைப் பிடித்துத்தான்.

"நீ ஒரு தடவைதான் அனுப்புற. ஆனா டவர் அதை ஒரு தடவை அனுப்பாது. மடல்ல எத்தனை பெட்டி இருக்கோ அத்தனை தடவை அனுப்பும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரதி. உன் பிள்ளை பாடினது அஞ்சு நிமிஷம். அது எல்லாப் பெட்டிக்கும் போய்ச் சேர ரெண்டு நாள் ஆகும். அந்த ரெண்டு நாளும் வேற யாரு எழுதினாலும் அது பின்னாடி வரிசையில நிக்கும். புரியுதா?"

"அப்ப என் பிள்ளை பாட்டை யாருமே கேக்கக் கூடாதா?"

"கேக்கட்டும். அதை டவர்ல இருக்கற பொது அலமாரியில வச்சிருக்கேன். முகவரியை மட்டும் எல்லாருக்கும் போட்டுட்டேன். வேணுங்கறவங்க எடுத்துப் பாத்துக்கலாம்."

"எத்தனை பேரு எடுத்தாங்க?"

ரூபாவதி டீ டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். கணக்குப் பார்த்திருந்தாள். மூன்று பேர்.

"அலமாரியில தூக்கி வச்சா யாருக்கா ஏறி எடுப்பாங்க?" என்று சொல்லிவிட்டு லூர்து எழுந்து போய்விட்டாள். டீ ஆறிக் கிடந்தது.

கடலுக்கடியில் கிடந்த வடங்கள் பெரிய சண்டையில் ஒவ்வொன்றாக அறுக்கப்பட்டு, வானத்தில் சுற்றிய செயற்கைக்கோள்களும் ஒன்றோடொன்று மோதிச் சிதறிய பிறகு வந்த ஏற்பாடு இது. பெருநகரங்கள் எப்படியோ தங்களுக்குள் கம்பி இழுத்துக்கொண்டன. தேயிலை மலைக்கு யார் இழுப்பார்கள்? சமவெளியிலிருந்து மேலாற்றுக்கு ஒரு வானொலிக் கோபுரம், அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான் கிடைத்தது. அதில் நேராகப் பேச முடியாது. எழுத்து ஓடும், குழாயில் சொட்டுகிற மாதிரி. மலைக்காரர்கள் அந்தச் சொட்டை வைத்தே ஒரு மடல் குழு கட்டிக்கொண்டார்கள். மருந்து வண்டி வருகிற நாள், ரேஷன் வந்த செய்தி, யானை நடமாட்டம், சாவு, சடங்கு எல்லாம் மலைமடலில்தான்.

ரூபாவதி ஒரு காலத்தில் கோயம்புத்தூரில் பெரிய கணினிக் கம்பெனியில் வேலை பார்த்தவள். கம்பெனி மூடியதும் ஊருக்குத் திரும்பி, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். மடலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது அவளாகவே கை தூக்கினாள். சம்பளமில்லாத வேலை. அன்றிலிருந்து மலை முழுக்க அவளுக்கு 'மடலம்மா' என்று பேர்.

பெரிய கோப்புகளை மடலில் அனுப்பக் கூடாது என்ற சட்டம் அவள் வந்த புதிதில் இல்லை. தேன்பாறையில் ஒரு வீட்டுக்காரர் மகன் கல்யாணத்தை முழுசாகப் படம் பிடித்து மடலில் போட்டார். தாலி கட்டுவது, பந்தி, மாப்பிள்ளை ஊர்வலம் எல்லாம். அந்த வாரம்தான் கீழ்த்தோட்டத்தில் ஒருவனைப் பாம்பு கடித்தது. மருந்து கேட்டு அவன் மனைவி எழுதிய இரண்டு வரி, அந்தக் கல்யாணத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றது. மருந்தோடு ஜீப் போய்ச் சேர்ந்தபோது அங்கே பந்தல் போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு கூடிய கூட்டத்தில் ரூபாவதி எழுந்து பேசினாள். சொல்ல வேண்டியதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். படம், பாட்டு, பெரிய அறிக்கை எதுவானாலும் பொது அலமாரியில் வையுங்கள். முகவரியை மட்டும் மடலில் போடுங்கள். அளவை மீறினால் கோப்பு தானாக மடலின் வாசலில் நிற்கும். நான் பார்த்துவிட்டு அனுப்பினவருக்குப் பதில் எழுதுவேன். யாருக்காகவும் இதைத் தளர்த்த மாட்டேன். கூட்டம் கை தட்டியது. பாம்பு கடித்தவனின் மனைவியும் அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் தட்டவில்லை.

சட்டத்தை மலைக்காரர்கள் மதித்தார்கள். மதிக்காதது ஒரே ஒரு இடம், சமவெளியில் இருந்த மலைச்சரிவுக் கண்காணிப்பு மையம்.

மையத்திலிருந்து வருகிற கடிதம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். தலைப்பில் 'சுற்றறிக்கை' என்று ஒரு நீள எண். கடிதத்தைத் திறந்தால் உள்ளே இரண்டே சொல்: இணைப்பைக் காண்க. இணைப்போ யானை கனம் கனக்கும். பொங்கல் வாழ்த்து அப்படி வந்தது. மரம் நடும் வாரம் அப்படி வந்தது. மையத்துக்குப் புதுக் கட்டடம் திறந்த விழா, படங்களோடு அப்படியே வந்தது. ஒவ்வொன்றையும் ரூபாவதி வாசலிலேயே நிறுத்தி, 'உங்கள் கோப்பு அளவை மீறுகிறது. செய்தியைக் கடிதத்திலேயே எழுதி அனுப்புங்கள்' என்று பணிவாகப் பதில் எழுதுவாள். அந்தப் பதில்களை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஒரு தடவை மையத்திலிருந்து பரஞ்சோதி என்ற அதிகாரி நேரிலேயே வந்தார். நல்ல மனிதர். வியர்த்த முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்க ஆபீஸ் கடிதத்துக்கு மட்டும் அளவை எடுத்துவிட்டுடுங்கம்மா. மேல இருந்து கேக்கறாங்க. ஒண்ணுகூட ஜனங்களுக்குப் போய்ச் சேரலைன்னு."

"நீங்க அனுப்பறதுல என்ன சார் இருக்கு? வாழ்த்தும் படமும்தானே?"

"நாளைக்கே ஒரு எச்சரிக்கை வந்தா?"

"எச்சரிக்கைன்னா ரெண்டு வரி எழுதுங்க. மழை கனக்குது, இந்த இந்த ஊர் ஜனங்க இறங்கிப் போங்கன்னு. மறு நிமிஷம் எல்லாப் பெட்டியிலயும் இருக்கும். அதுக்கு எதுக்கு சார் இவ்வளவு பெரிய கோப்பு?"

பரஞ்சோதி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "படிவம்னு ஒண்ணு இருக்கும்மா. முகப்புப் படம், முத்திரை, மேலிடத்துச் செய்தி எல்லாம் வரிசையா வந்தாதான் அது சுற்றறிக்கை. வெறும் ரெண்டு வரிய அனுப்ப எனக்கு அதிகாரம் கிடையாது."

"தோட்டத்துப் பொம்பளை தன் பிள்ளை பாட்டை அனுப்பினா நிறுத்தறேன். உங்களுக்கு மட்டும் விட்டா அவ முகத்துல நான் எப்படி சார் முழிக்கறது?"

இந்தப் பதிலை அவர் எங்கோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் மலை முழுக்கப் பரவிவிட்டது. மடலம்மா அதிகாரியையே திருப்பி அனுப்பிவிட்டாள் என்று டீக்கடையில் பேசினார்கள். ரூபாவதிக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. லூர்து காதுக்கும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் ஆடியிலேயே மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. ஜீப் பாதை இரண்டு இடத்தில் அறுந்தது. மடல் மட்டும் ஓடியது. பால் இல்லை, பேட்டரி இல்லை, கீழ்ப்பாலம் மூழ்கிவிட்டது என்று சின்னச் சின்ன வரிகள் வந்தபடி இருந்தன. ரூபாவதி பள்ளிக்குப் போகாமல் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் காலையில் மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்து வாசலில் நின்றது. தலைப்பில் சுற்றறிக்கை, நீள எண். உள்ளே, இணைப்பைக் காண்க. அதற்கு முந்தைய வாரம்தான் மையத்தின் ஆண்டு விழா அழைப்பு இதே உருவத்தில் வந்திருந்தது. ரூபாவதி அதைப் பார்த்தாள். கோப்பைத் திறந்து பார்த்திருக்கலாம்; அவள் கணினியில் அது திறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். வரிசையில் மருந்து கேட்டு இரண்டு கடிதங்கள் காத்திருந்தன. வழக்கமான பதிலை மையத்துக்கு அனுப்பிவிட்டு மருந்துக் கடிதங்களைக் கவனித்தாள்.

கணவன் மாசிலாமணி சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டான். சாப்பிடப் போனாள். ரசம் சூடாக இருந்தது என்று பின்னால் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

கை கழுவும்போது தரை லேசாக உதறியது. எங்கோ பாரம் ஏற்றிய லாரி போவது போல ஒரு சத்தம். பாதை அறுந்த மலையில் லாரி ஏது என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

குருவிமேடு சரிந்துவிட்டது. மேட்டின் மேலிருந்த நடுநிலைப்பள்ளியும் அதற்குக் கீழிருந்த ஒரு வரிசை லைன் வீடுகளும் ஓடை வரைக்கும் போயிருந்தன. முப்பத்தெட்டுப் பேர். பாதிக்கு மேல் பிள்ளைகள். லூர்து மேலாற்று ஃபேக்டரியில் முறை வேலைக்கு வந்தவள், பாதை அறுந்ததால் அங்கேயே தங்கியிருந்தாள். மெர்லின் பள்ளியில் இருந்தாள். அவர்கள் வீடு இருந்த லைன் தப்பியிருந்தது.

அடக்கம் முடிகிற வரைக்கும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம் பொது அலமாரியே திணறிப்போனது. மலையிலிருந்த எல்லாப் பெட்டியும் ஒரே கோப்பை இழுத்துக்கொண்டிருந்தன. மெர்லின் பாடிய பாட்டு. மூன்றில் நின்றிருந்த கணக்கு நூற்றுக்கணக்கில் ஏறியது. எல்லா வீட்டிலும் அந்தக் குரல் கேட்டது. ரூபாவதி தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் அது பாடியது.

பிறகு மையம் ஒரு அறிக்கை விட்டது. எச்சரிக்கை அன்று காலையிலேயே மலைமடலுக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்றும், அது பொதுமக்களுக்குச் சென்று சேராமல் மேலாற்றில் தடுத்து நிறுத்தப்பட்டது என்றும் அதில் இருந்தது. பேர் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை.

விசாரணை மேலாற்றுச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. கூடம் நிரம்பி வாசல் வரைக்கும் ஜனம். விசாரிக்க வந்த அம்மாள் கடுமையாக எதுவும் பேசவில்லை. அதுதான் ரூபாவதிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கோப்பு காலையிலேயே வந்துவிட்டதா?"

"வந்துச்சுங்க."

"அதை நிறுத்தியது நீங்களா?"

"அளவை மீறினா தானா நிக்கும்ங்க. அப்படித்தான் ஊர்க் கூட்டத்துல முடிவு பண்ணினோம்."

"நின்றிருப்பதை நீங்கள் பார்த்தீர்களா?"

"பாத்தேன்."

"திறந்தீர்களா?"

"இல்லீங்க."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் கேவினாள். லூர்து இல்லை. லூர்து முன்வரிசையில் உட்கார்ந்து ரூபாவதியைப் பார்த்தபடியே இருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"அந்தக் கோப்பு அவ்வளவு பெருசா ஏன் இருக்கணும்னு யாராவது கேளுங்களேன்" என்று மாசிலாமணி பின்னாலிருந்து கத்தினான். அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. மையம் தன் கடமையைச் செய்தது. மடல் பொறுப்பாளர் கவனக்குறைவாக இருந்தார். இனி அரசு அலுவலகக் கோப்புகளுக்கு அளவுக் கட்டுப்பாடு கிடையாது. ரூபாவதியிடமிருந்து பொறுப்பு எடுக்கப்பட்டு, மையத்தின் ஆள் ஒருவனிடம் கொடுக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. பெற்றோர்கள் பிள்ளைகளை அவள் வகுப்பிலிருந்து ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், அதன் பிறகு போகவில்லை.

கார்த்திகையில் பரஞ்சோதி வந்தார். இந்தத் தடவை தனியாக, அலுவலக ஜீப் இல்லாமல். மாசிலாமணி அவரைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டான்.

"உங்களைப் பாக்கணும்னு தோணிச்சும்மா" என்றார். பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தார். "மண் அசையுதுன்னு விடியறதுக்கு முன்னாலயே கருவி காட்டிடுச்சு. நான்தான் பாத்தேன். உடனே குறிப்பு எழுதிக் கொடுத்துட்டேன். அதைப் படிவத்துல போட்டு, மேலிடத்துப் படம் பழசா இருக்குன்னு புதுசு தேடி மாத்தி, கையெழுத்து வாங்கி வர்றதுக்குள்ள விடிஞ்சு வெகு நேரமாச்சு."

"இதை விசாரணையில சொல்லலையே சார்."

"யாரும் கேக்கலம்மா." கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். "எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கட்டிக்கொடுக்கணும்."

ரூபாவதி எழுந்து அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார். "அந்தக் கோப்பு உங்ககிட்ட இன்னும் இருக்கா?"

"இருக்கு. வாசல்ல நின்னது என் கணினியில அப்படியே இருக்கு."

"திறந்து பாத்தீங்களா?"

"மனசு வரல."

"பாக்காதீங்க" என்றார். "அப்படியே அழிச்சிடுங்கம்மா. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் ரூபாவதி கணினியின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் பக்கத்தில் முத்திரையும் சிரிக்கிற முகங்களும். அடுத்து மேலிடத்து வாழ்த்துச் செய்தி. பிறகு பக்கம் முழுக்கச் சூரிய உதயத்தில் தேயிலை மலை, பச்சைப் பசேல் என்று. மழைக்காலத்தில் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை. ஒரு அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் ஒரே குடைக்குள் சிரித்தபடி நிற்கும் ஓவியம். மையத்தின் சாதனைகள். அதிகாரிகளின் பேர்கள், பதவிகள். பதினோராம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் விஷயம் இருந்தது. தேன்பாறை, கீழ்த்தோட்டம் முதலான ஐந்து குடியிருப்புகளின் பேரைச் சொல்லி, அங்கே மண் சரியலாம் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே:

'மேற்கண்ட குடியிருப்புகளைச் சேர்ந்த பொதுமக்கள் அனைவரும் உடனடியாகக் குருவிமேடு நடுநிலைப்பள்ளி வளாகத்துக்குச் சென்று பாதுகாப்பாகத் தங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

ரூபாவதி அதை மறுபடி படித்தாள். பிறகு மாசிலாமணியைக் கூப்பிட்டாள். அவன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தான்.

"அந்த அஞ்சு ஊர்லயும் ஒண்ணும் ஆகலையே?" என்றான்.

"ஆகல."

"எத்தனை பேரு இருப்பாங்க அங்க எல்லாம்?"

"ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி."

"நீ இதை விட்டிருந்தா..."

ரூபாவதிக்கு நெஞ்சில் ஏதோ இளகி, பல மாதமாக இல்லாத அளவுக்கு மூச்சு தாராளமாக உள்ளே போனது. அடுத்த கணமே அந்த மூச்சை நினைத்து அவளுக்கு அருவருப்பாக வந்தது. முப்பத்தெட்டுப் பேர் மண்ணுக்குள் இருக்க, இவளுக்கு மூச்சு வருகிறது.

"ஊருக்குச் சொல்லு" என்றான் மாசிலாமணி. "இப்பவே எழுது."

எழுத உட்கார்ந்தாள். எத்தனையோ பேருக்கு எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவளுக்கு இரண்டு வரி வரவில்லை. 'நான் நிறுத்தியதால்தான் நீங்கள் பிழைத்தீர்கள்' என்று எழுதினாள், அழித்தாள். தெரியாமல் செய்ததற்குப் பெருமை தேடுவது போல இருந்தது. 'மையம் தப்பான இடத்துக்குப் போகச் சொன்னது' என்று எழுதினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் போய் என் மேல் தப்பில்லை என்று சொல்வது போல இருந்தது. அதையும் அழித்தாள். கடைசியில் கோப்பைப் பொது அலமாரியில் வைத்தாள். மடலுக்கு இப்படி எழுதினாள்: 'அன்று வாசலில் நின்ற கோப்பு அலமாரியில் இருக்கிறது. முகவரி கீழே. பதினோராம் பக்கத்தைப் படியுங்கள்.'

அந்தக் கடிதம் போய்ச் சேரவே மூன்று நாள் ஆனது. குருவிமேட்டில் இறந்தவர்களுக்கு மையம் ஒரு நினைவஞ்சலிப் படம் தயாரித்து, இசையோடு, எல்லாப் பெட்டிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. ரூபாவதியின் கடிதம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது.

போய்ச் சேர்ந்த பிறகும் யாரும் கோப்பை எடுக்கவில்லை. அலமாரிக் கணக்கைத் தினமும் பார்த்தாள். பூஜ்யம். மடலம்மா ஏதோ சால்ஜாப்பு வைத்திருக்கிறாள் போல என்று டீக்கடையில் பேசிக்கொண்டதாக மாசிலாமணி சொன்னான். சொல்லிவிட்டு, "நீயும் அவங்க மாதிரியே எழுதிட்டியே ரூபா" என்றான். "இதைப் பாரு, அதைப் பாருன்னு. நீயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது?"

அவன் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தான்.

மறுபடி வாழ்த்துகள் வர ஆரம்பித்தன. மார்கழியில் மையத்தின் நாள்காட்டி, பக்கத்துக்கு ஒரு படமாக, எல்லாப் பெட்டிக்கும் போனது. மருந்துக் கடிதங்கள் வரிசையில் நின்றன. கீழ்த்தோட்டத்தில் பிரசவத்துக்கு ஜீப் கேட்டு எழுதிவிட்டு, பதில் வராமல் கர்ப்பிணியைக் கட்டிலோடு தோளில் சுமந்து இறங்கினார்கள். யாரும் புகார் சொல்லவில்லை. பெரிய கோப்பு வேண்டாம் என்று சொன்னவளின் கதி எல்லோருக்கும் தெரியும்.

தை பிறந்த பிறகு ஒருநாள் காலை, அலமாரிக் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஒன்றாகியிருந்தது.

அடுத்த நாள் லூர்து வந்தாள்.

வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, முன்பு கோபித்துக்கொண்டு எழுந்துபோன அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். நன்றாக இளைத்திருந்தாள். மாசிலாமணி டீ கொண்டுவந்து வைத்தான். எடுத்துக் குடித்தாள். முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேச்செடுத்தாள்.

"படிச்சேன்க்கா."

"ம்."

"எங்க ஊர் ஜனத்தைத் தங்க வச்சிருக்கற முகாம்ல ஒரு பொட்டி இருக்கு, அதுல ராத்திரி பூரா இறங்கிச்சு. காலையில வாத்தியார் ஒருத்தரைப் படிச்சுக் காட்டச் சொன்னேன். அவரு அந்தப் பக்கத்துக்கு வந்ததும் படிக்கறதை நிறுத்திட்டாரு. அப்புறம் நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன்."

"லூர்து, நான்..."

"இருங்க. நான் ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு நீங்க அதைத் திறந்து படிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

ரூபாவதி வாயைத் திறந்தாள். இத்தனை மாதத்தில் விசாரணைக்காரர்களும் கேட்கவில்லை, கணவனும் கேட்கவில்லை, அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதும் இல்லை. ஆனால் பதில் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. படங்களை எல்லாம் உதறியிருப்பாள். விஷயத்தை மட்டும் பிரித்தெடுத்து, ஐந்து ஊர்ப் பேரையும் போட்டு, குருவிமேட்டுப் பள்ளிக்கு உடனே போங்கள் என்று தெளிவாக எழுதியிருப்பாள். மறு நிமிஷம் அது எல்லாப் பெட்டியிலும் இருந்திருக்கும். மையம் சொன்னால் யோசிக்கிற ஜனம், மடலம்மா சொன்னால் யோசிக்காது. பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடு ஏறியிருப்பார்கள்.

"அனுப்பியிருப்பேன்" என்றாள்.

"அங்கதான் போகச் சொல்லி?"

"ஆமா. ரெண்டே வரியில."

லூர்து தலையை ஆட்டினாள். ரூபாவதி, அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாள். ஆனால் அவள் நாற்காலியை விட்டு இறங்கி, சின்ன வயசில் உட்கார்வது போல ரூபாவதியின் காலடியில், தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நானும்தான்க்கா" என்றாள். "அவ அன்னிக்கு ஸ்கூலுக்குப் போகவே மாட்டேன்னா. தலை வலிக்குதுன்னா. ஃபேக்டரிப் பொட்டி வழியா நான்தான் சொல்லி அனுப்பினேன். லைன் வீடு ஒழுகுது, அங்க இருக்காத, ஸ்கூல் கட்டடம்தான் கெட்டி, அங்க போய் இருன்னு."